திருடன் கையில் சாவி, வாசலில் வண்டி

வீட்டில் திருடு போனால் முதலில் நகையைத் தேடுவோம், பிறகு பணத்தை, பிறகு கைப்பேசியை. கதவோரத்து ஆணியில் மாட்டியிருந்த மோட்டார் சைக்கிள் சாவி காணவில்லை என்பது பெரும்பாலும் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போதுதான் தெரியவரும். வண்டி வாசலிலேயே நிற்கும். நல்லவேளை, இதையாவது விட்டுவிட்டுப் போனானே என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். கடைக்குப் போய் ஒரு சாவி வெட்டிக்கொண்டு வந்தால் முடிந்தது என்று எண்ணுவார்கள்.

அங்கேதான் தவறு. பேருந்தில் தவறவிட்ட சாவியைக் கண்டெடுத்தவனுக்கு அது எந்த ஊரில் எந்த வண்டியுடையது என்று தெரியாது. வீட்டுக்குள் புகுந்து எடுத்தவனுக்கோ வண்டியின் நிறம் தெரியும், எண் தெரியும், இரவில் எங்கே நிற்கிறது என்பது தெரியும், நீங்கள் எந்நேரம் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதும் ஓரளவு தெரியும். அன்று நகைக்கும் பணத்துக்கும் வந்தவன் வண்டிக்கு இன்னொரு நாள் வரலாம். புதுச் சாவி வெட்டினால் அந்தப் பூட்டைத் திறக்க இரண்டு சாவிகள் இருக்கும்: ஒன்று உங்களிடம், இன்னொன்று அவனிடம். மாற்ற வேண்டியது பூட்டைத்தான்.

கம்போங் ராஜா மாதிரி ஊரில் இது சின்ன விஷயமல்ல. மலேசியாவின் கேமரன் மலையில் வடகோடி ஊர் அது. ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் மலைச்சாலை இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து குவாலா தெர்லா, திரிங்காப், பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் என்று தெற்கே போகும் பழைய சாலை தாப்பாவில் இறங்குகிறது. ப்ளூ வேலி பக்கத்துத் தேயிலைச் சரிவுக்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களுக்கும் விடியற்காலையில் போக வேண்டியவர்களுக்குப் பேருந்து கணக்கிலேயே கிடையாது. முதலாளிகளுக்குப் பழைய லேண்ட் ரோவர், மற்றவர்களுக்குக் கப்சாய். 1958இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வழிவந்த, காலுக்கு நடுவே தாழ்ந்த உடம்புள்ள சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு மலேசியாவில் வழங்கும் பெயர் அது. ஹோண்டா இஎக்ஸ்5, 1996இல் வந்த மொடனாஸ் கிரிஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். பிள்ளை பள்ளிக்குப் போவதும் எரிவாயுத் தோம்பு வீடு வருவதும் அதில்தான்.

சரி, அந்தச் சாவித்துளைக்குள் என்ன இருக்கிறது?

சாவியை வாங்கிக்கொள்ளும் உருளை ஒன்று, அதைச் சுற்றி அசையாத கூடு ஒன்று. உருளையில் குறுக்காக அறுத்த பிளவுகளில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிச் சுருள்வில். சாவி இல்லாதபோது வில் தள்ளிவிடுவதால் தகட்டின் முனை உருளையைத் தாண்டி வெளியே நீண்டு, கூட்டில் உள்ள காடிக்குள் போய் நிற்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. உருளையை யார் திருகினாலும் அசையாது.

தகட்டின் நடுவில் ஒரு நீள்சதுரத் துளை உண்டு. சாவி உள்ளே போகும்போது எல்லாத் தகடுகளின் துளைகளையும் கடந்துதான் போகிறது. அந்தத் துளை ஒரு தகட்டில் சற்று மேலே இருக்கும், அடுத்ததில் சற்றுக் கீழே. சாவியின் ஓரத்தில் வெட்டியிருக்கும் மேடு பள்ளங்கள் இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஏற்றபடி ஒவ்வொரு தகட்டையும் அதனதன் அளவுக்கு இழுக்கின்றன. சரியான சாவியாக இருந்தால் எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் உருளைக்குள் அடங்கி, மேற்பரப்பு வழவழவென்று ஆகிவிடும். உருளை சுழலும். ஒரே ஒரு தகடு ஒரு மயிரிழை நீண்டிருந்தாலும் சுழலாது.

வீட்டுக் கதவுப் பூட்டில் இதே வேலையைச் சின்னஞ்சிறு ஊசிகள் செய்கின்றன. அமெரிக்கர் லினஸ் யேல் 1861, 1865 ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. தகட்டுப் பூட்டுக்கு 1868இல் ஃபைலோ ஃபெல்ட்டர் என்ற இன்னோர் அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார். தமிழ்நாட்டில் பழக்கமான திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்றதே, அது நெம்பு தகடுகளை வைத்துக் கையால் செய்யப்படும் வேறு சாதி. கனமானது, பிடிவாதமானது. மோட்டார் சைக்கிளுக்கு அது ஆகாது. குலுங்கினாலும் மழையில் நனைந்தாலும் வேலை செய்கிற, கைப்பிடிக்கு நடுவே கொஞ்ச இடத்தில் அடங்குகிற, மலிவான பூட்டு வேண்டும். தகட்டுப் பூட்டு அதற்குப் பொருத்தம்.

மலிவுக்கு ஒரு விலை உண்டு. ஒரு பூட்டில் ஆறு தகடுகள், தகட்டுக்கு நான்கு வகை உயரம் என்று வைத்துக்கொண்டால் 4,096 சேர்க்கைகள் வரும். எல்லாத் தகடும் ஒரே உயரம், பக்கத்துப் பக்கத்தில் பெரிய மேடும் பெரிய பள்ளமும் போன்றவற்றைத் தொழிற்சாலை ஒதுக்கிவிடும். எண்ணிக்கை இன்னும் குறையும். வண்டிகளோ இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஆகவே ஒரே சாவி பொருந்தும் இரண்டு வண்டிகள் நாட்டில் எங்கோ இருந்தே தீரும். வருடக்கணக்கில் தேய்ந்த சாவியும் தேய்ந்த தகடும் சேர்ந்தால் பொருத்தம் இன்னும் தாராளமாகிவிடும். கேமரன் மலையின் பனியும் செம்மண்ணும் பூட்டுக்குள் போய்ச் சாவி இறுகும்போது எண்ணெயை ஊற்றிவிடுகிறோம். எண்ணெய் மண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு தேய்மானத்தைக் கூட்டும். கிராஃபைட் பொடிதான் பூட்டுக்கு நல்லது.

இந்தப் பூட்டின் அழகு இன்னொன்றில் இருக்கிறது. உருளையை வெளியே எடுத்து, இருக்கும் தகடுகளையே இடம் மாற்றிப் போட்டால் அது வேறு பூட்டு. மூன்றாவது இடத்தில் இருந்தது ஐந்தாவதுக்குப் போகும், ஐந்தாவது முதலாவதுக்கு வரும். புது வரிசைக்கு ஏற்பப் புதுச் சாவி வெட்டிவிட்டால் திருடன் கையில் உள்ளது வெறும் பித்தளைத் துண்டு. வீட்டுப் பூட்டிலும் காரிலும் கைதேர்ந்த சாவிக்காரர்கள் இப்படிச் செய்கிறார்கள். கப்சாய்க்கு யாரும் அந்த அளவு மெனக்கெடுவதில்லை, காரணம் முழுப் பூட்டுச் செட்டே சில பத்து வெள்ளிக்குக் கிடைத்துவிடுகிறது. பட்டறையில் கேட்டால் மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வார். தப்பில்லை.

ஆனால் செட் என்றால் செட்டாகவே வாங்க வேண்டும். வண்டியை இயக்கும் பூட்டு ஒன்று, இருக்கைப் பூட்டு ஒன்று. சில வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி மூடிக்கும் பூட்டு உண்டு. காசு மிச்சம் என்று முன்பூட்டை மட்டும் மாற்றினால் பழைய சாவி இருக்கையைத் திறக்கும். கப்சாயில் எண்ணெய்த் தொட்டி இருக்கைக்குக் கீழேதான். சிலர் கெரான் எனும் வண்டிப் பதிவுச் சான்றின் நகலையும் அங்கேதான் மடித்து வைக்கிறார்கள். இன்னொன்று: கைப்பிடியை இடப்பக்கம் திருப்பிப் பூட்டும்போது பூட்டின் உடம்பிலிருந்து ஓர் இரும்பு முளை நீண்டு திசைத்தண்டின் குழியில் போய் அமர்கிறது. மலிவுச் செட்டில் இந்த முளை குட்டையாகவோ மெலிந்தோ இருக்கும். பொருத்திய கையோடு பூட்டிப் பார்த்து, கைப்பிடியைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

சாவியே இல்லாத பூட்டுக்குச் சாவி செய்வது எப்படி என்று பலருக்கு ஆச்சரியம். அதில் மந்திரமில்லை. புது வண்டியோடு ஒரு சின்ன உலோகத் தகட்டில் எண் பொறித்துத் தருவார்கள்; சில நிறுவனங்கள் சாவியிலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணுக்குள் ஒவ்வொரு பள்ளத்தின் ஆழமும் ஒளிந்திருக்கிறது. எண் இருந்தால் முகவர் மூலம் அதே சாவி கிடைக்கும். எண் இல்லாவிட்டால் சாவிக்காரர் பூட்டைக் கழற்றித் தகடுகளைப் பார்த்தே ஆழங்களை வாசித்துவிடுவார். இந்த இரண்டு வழிகளும் தொலைந்த சாவிக்கு நல்லவை. திருடுபோன சாவிக்கு இவை வண்டியைப் பட்டறை வரை ஓட்டிப்போக உதவும், அவ்வளவுதான்.

சில்லு வைத்த சாவி வேறு கதை. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியளவு கண்ணாடிக் குழாயில் ஒரு மின்னணுச் சில்லும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. சாவித்துளையைச் சுற்றி வண்டியில் இன்னொரு கம்பிச்சுருள். சாவியைத் திருப்பியதும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் காந்தப்புலத்தை எழுப்பும். அந்தப் புலமே சாவியில் இருக்கும் சுருளில் மின்சாரத்தைத் தூண்டிச் சில்லை எழுப்புகிறது. எழுந்த சில்லு தன் இரகசியக் குறியைச் சொல்லும். பதிவில் உள்ள குறி என்றால் வண்டியின் மின்னணு மூளைப்பெட்டி தீப்பொறிக்கு அனுமதி தரும், இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றுமே தவிரப் பிடிக்காது. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். பெரிய மோட்டார் சைக்கிள்களில் பரவலாக உண்டு, கப்சாயில் பொதுவாக இல்லை.

சில்லு உள்ள வண்டியில் திருடுபோன சாவியைக் கொல்வதற்குப் பூட்டைக் கழற்ற வேண்டாம். மூளைப்பெட்டியின் பதிவிலிருந்து அதன் குறியை அழித்தால் போதும். அதற்குப் பதிவுள்ள சாவி ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். இந்த வகை யமஹா வண்டிகளில் மற்ற சாவிகளைப் பதிவதற்கென்றே சிவப்புத் தலையுள்ள சாவி ஒன்று தருகிறார்கள். அது போய்விட்டால் முழு ஏற்பாட்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கையேட்டிலேயே எச்சரித்திருப்பார்கள். அந்தச் சிவப்புச் சாவியைத் தினசரிச் சாவிகளோடு ஒரே வளையத்தில் கோத்து ஆணியில் மாட்டுகிறவர்களை என்ன சொல்வது! குறியை அழித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. திருடன் கையில் உள்ள சாவியின் பல் இன்னும் உருளையைத் திருப்பும், கைப்பிடிப் பூட்டைத் திறக்கும். எஞ்சின் பிடிக்காது, ஆனால் மலையில் இறக்கம் இருக்கிறது. உருட்டிக்கொண்டே போய் லாரியில் ஏற்றலாம்.

சாவியே நுழைக்காமல் பையில் வைத்தபடி ஓட்டும் ஸ்கூட்டர்களுக்கு ஓர் அடையாள எண் உண்டு. சாவியின் பேட்டரி தீர்ந்தால் அந்த எண்ணை உள்ளிட்டு வண்டியைக் கிளப்பலாம். அதாவது எண் எழுதிய அட்டையும் ஒரு சாவிதான். திருடுபோனவற்றில் அதுவும் உண்டா என்று மேசை இழுப்பறையைத் தேடிப் பாருங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது சாவியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். மலேசியக் குற்றவியல் சட்டத்தில் வாகனத் திருட்டுக்கென்றே 379ஏ பிரிவு உண்டு: ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். நாளை வண்டி போனால் இன்று கொடுத்த புகார் பேசும். அதன் நகலையும் கெரானையும் அடையாள அட்டையான மைகார்டையும் காட்டித்தான் புதுச் சாவி கேட்க வேண்டும். எதையும் கேட்காமல் சாவி செய்து கொடுக்கும் கடைக்காரர் திருடனுக்கும் அப்படியே செய்து கொடுப்பார். காப்புறுதி இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் முடியாது. சாலைவரி எடுப்பதற்காக நாம் வாங்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வண்டித் திருட்டுக்குச் சல்லிக்காசு தராது.

புதுச் செட் வரும் வரை, ஈப்போவிலிருந்து வர இரண்டு மூன்று நாளானாலும், வண்டியை வழக்கமான இடத்தில் நிறுத்தாதீர்கள். உறவுக்காரர் வீட்டுக்குள் ஏற்றி வையுங்கள். முடியாவிட்டால் சக்கரத்தையும் தூணையும் சேர்த்துச் சங்கிலி போட்டு, திருட்டுக்குப் பிறகு வாங்கிய பூட்டால் பூட்டுங்கள். அதே வளையத்தில் வீட்டுச் சாவியும் போயிருந்தால் கதவுப் பூட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், வண்டிப் பூட்டுக்கும் முன்னால்.