மோர் சரி, தண்ணீர் யார் வீட்டுடையது?

பத்து மாதச் சமையல் – 14

கர்ப்பிணி தயிர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். "குளிர்ச்சிடி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார் மாமியார். செல்போனில் எதையோ படித்துவிட்டு வரும் கணவர், "பாக்டீரியா இருக்கிற எதையும் இப்போ தொடக் கூடாதாம்" என்பார். மாமியாருக்குப் பதில் சொல்வது சுலபம். சளி வைரஸால் வருவது. தாய் சாப்பிட்ட தயிர் கருவிலிருக்கும் குழந்தைக்குச் சளியாகப் போய்ச் சேர வழியே கிடையாது. கணவர் சொன்னதில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

1985-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் எட்டு மாதங்களுக்குள் 142 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்று வந்தது. அதில் 93 பாதிப்புகள் கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் சேர்ந்தவை. இறந்தவர்கள் 48 பேர். 20 பேர் கருவிலேயே போனவர்கள், 10 பேர் பிறந்த சில நாட்களில் போனவர்கள். மெக்சிகோ பாணியில் செய்த மென்மையான வெள்ளைச் சீஸில் கிருமி இருந்தது. முறையாகச் சூடாக்கிய பாலோடு காய்ச்சாத பாலும் தொழிற்சாலையில் கலந்திருக்க வேண்டும் என்று விசாரித்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மேலை நாட்டு மருத்துவர்கள் கர்ப்பிணியிடம் சீஸைப் பற்றி அத்தனை கேள்வி கேட்பது இதுபோன்ற அனுபவங்களால்தான்.

மற்ற கிருமிகள் பெரும்பாலும் ஃபிரிட்ஜில் அடங்கிக் கிடக்கும். லிஸ்டீரியா அங்கேயும் மெல்லப் பெருகும். சாதாரண ஆட்களைவிடக் கர்ப்பிணிக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு. தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியுமாக வந்து போய்விடும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைப் பிடித்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் வரை கொண்டுபோய்விடும்.

நம் வீட்டுத் தயிர் இந்தச் சீஸோடு ஒரே வரிசையில் உட்காராது. பாலைப் பொங்கக் காய்ச்சிய பிறகுதான் நாம் உறை ஊற்றுகிறோம். லிஸ்டீரியாவைக் கொல்ல 72 டிகிரி சூட்டில் 15 விநாடி போதும். பாக்கெட் பாலுக்கு ஆலையிலேயே அந்தச் சூடு காட்டித்தான் அனுப்புகிறார்கள். அடுத்தது புளிப்பு. பாலின் பிஹெச் அளவு 6.6-ஐ ஒட்டியது. தயிர் தோயும்போது அது 4.5-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் லிஸ்டீரியா வளரத் திணறும். லாஸ் ஏஞ்சல்ஸ் சீஸ் அவ்வளவு புளிக்காத வகை. ஆனால் வளராமல் இருப்பதும் சாவதும் வேறு வேறு. காய்ச்சாத பாலில் உறை ஊற்றிவிட்டுப் புளிப்பு பார்த்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. கறந்த பால்தான் சத்து என்று ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடிக்கக் கொடுக்கும் வீடுகளில் புருசெல்லா என்ற இன்னொரு கிருமியும் உண்டு. மால்டா தீவில் ஆட்டுப்பால் வழியாக அது பரவியதை 1905-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கர்ப்பிணிக்குப் பச்சைப் பால் வேண்டவே வேண்டாம்.

ஆக, உறைக்கு முந்திய கட்டத்தில் நாம் பிழைத்துக்கொள்கிறோம். நமக்கு வில்லங்கம் அதற்குப் பிறகுதான்.

மோரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மோரில் பெரும்பங்கு தண்ணீர். வெயில் காலத்தில் தெருமுனையில் பானையிலிருந்து மொண்டு தரும் மோரில் தயிரின் பூர்வீகத்தை விசாரிப்பதைவிட, அந்தத் தண்ணீரும் மிதக்கிற ஐஸ் கட்டியும் எங்கிருந்து வந்தன என்று கேட்பது உருப்படியான கேள்வி. டைபாய்டும் வயிற்றுப்போக்கும் எல்லோருக்கும் பொது. கர்ப்பிணிக்கென்று தனியாகப் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் ஈ. கழிவுநீர் கலந்த குடிநீரில் வரும் இந்த மஞ்சள் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பெரிய ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் "தயிர் குளிர்ச்சி" என்று பிடித்துக்கொண்டு நிற்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றி, இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போட்டு வீட்டில் கரைத்த மோரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

வளைகாப்புத் தயிர்சாதமும் கவனிக்க வேண்டிய சங்கதி. மதியப் பந்தியில் புளிக்கக் கூடாது என்று குழைந்த சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிரை மட்டும் கலப்பது சமையல்காரர்களின் கைப்பக்குவம். சுவைக்கு அது சரி. ஆனால் காலை ஆறு மணிக்குப் பிசைந்தது பகல் ஒரு மணிக்கு இலைக்கு வரும்வரை அதில் காப்பாற்றும் புளிப்பு போதிய அளவு ஏறியிருக்காது. சாதத்தில் பாசில்லஸ் செரியஸ் என்றொரு கிருமி உண்டு. வேகவைத்தாலும் அதன் வித்துகள் சாகா, வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைக் கக்கும். அதில் ஒருவகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வளையல் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு மட்டுமாவது அப்போது பிசைந்த சாதத்தைக் கொடுங்கள்.

உறை ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று: பாலின் சூட்டை விரலை விட்டுப் பார்க்காதீர்கள், பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டாலே தெரிந்துவிடும். தயிர் மேல் தெளிநீர் நின்றால் கவலை இல்லை. பூஞ்சையோ இளஞ்சிவப்புத் திட்டோ தெரிந்தால் மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். கடையில் திறந்து வைத்து வெட்டித் தரும் பனீரைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், குழம்பில் நன்றாகக் கொதித்தால் சரி. பீட்சாவில் கொதிக்கக் கொதிக்க உருகிய சீஸும் அப்படியே. வெள்ளைப் பூஞ்சைத் தோல் போர்த்திய பிரீ, கேமம்பெர் வகைகளைப் பிரசவம் வரை தள்ளி வையுங்கள். பழ வாசனை யோகர்ட்டில் சர்க்கரை அதிகம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

போன வாரம் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது: தயிரிலுள்ள கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் மறிக்கும். சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். மதியம் தயிர்சாதம் என்றால் இரும்பு மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் மட்டும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். லிஸ்டீரியா உள்ளே போய்ச் சில வாரங்கள், சமயத்தில் இரண்டு மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால் மருத்துவரிடம் நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் சொன்னால் போதாது. பச்சைப் பாலோ, காய்ச்சாத பாலில் செய்த சீஸோ எப்போதாவது சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்துவிட்டால், குழந்தையைக் காப்பாற்ற ஆன்டிபயாட்டிக் மருந்து இருக்கிறது.

(தொடரும்)