எல்.ஐ.சி. கட்டடம் சொல்லும் கணக்கு



பொன்னமராவதியிலிருந்து சரக்குக் கொள்முதலுக்குச் சென்னை சென்று வந்தவர்களில், மவுண்ட்ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்க்காதவர் இருக்க முடியாது. நாமும் பள்ளிப் பருவத்தில் தந்தையாருடன் கொத்தவால்சாவடிக்குப் போன சமயம், அதன் எதிரில் நின்று மாடிகளை எண்ணிப் பார்த்தோம். இரண்டு முறை கணக்குத் தவறிற்று. "இதைக் கட்ட ஆரம்பித்தவர் நம் பக்கத்துச் செட்டிநாட்டுக்காரரப்பா" என்றார் தந்தையார்.

அவர்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். தமது யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக 1953-ல் இந்தக் கட்டட வேலையை ஆரம்பித்தார். முதலில் போட்ட திட்டம் 18 மாடி. மறு ஆண்டு மார்ச் 13-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் காலமானார். 1956-ல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் முழுவதையும் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்கள் ஒன்றாகி, அவ்வாண்டு செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. பாதி எழும்பி நின்ற கட்டடமும் அதனுடன் போயிற்று. 1959 ஆகஸ்ட் 23-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது, கட்டத் தொடங்கியவரும் இல்லை, அவர் கம்பெனியும் இல்லை.

177 அடி உயரம். சில காலம் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. அலுவலகமாகக் கட்டியது, நாளடைவில் ஊருக்கே அடையாளமாயிற்று. சினிமாவில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்றால் இந்தக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள். பஸ் நிறுத்தத்துக்கு அதன் பெயர் வந்தது. 2019-ல் திறந்த மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான்.

இத்தனை பெருமையுள்ள கட்டடத்தையும் நெருப்பு விடவில்லை. 1975 ஜூலை 11-ல் பெரும் தீ விபத்து நடந்தது. பழுது பார்த்து மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, உச்சியில் இருந்த பெயர்ப் பலகை தீப்பிடித்தது. அன்று உயிர்ச்சேதம் ஏதும் இல்லை.

இதை நாம் இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. நம் கடைகளும் இப்படித்தான் உபயோகம் மாறிக்கொண்டே வருகின்றன. நமது கடையில் பாட்டனார் காலத்தில் கீழே வியாபாரம், மாடியில் குடித்தனம். பிறகு மாடி கிட்டங்கியாயிற்று. எண்ணெய் டின், சாக்கு, சோப்புப் பெட்டி எல்லாம் மேலே ஏறின. கீழே ஃப்ரிட்ஜ் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஒயரிங் மட்டும் குடித்தனம் இருந்த காலத்து ஒயரிங்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு ஸ்விட்ச் போர்டிலிருந்து புகை கிளம்பிற்று. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக் குரல் கொடுத்திராவிட்டால் கடையே போயிருக்கும். நஷ்டம் நாலு லட்சம். கையில் வந்த இழப்பீடு இரண்டு லட்சம். விசாரித்ததில் தவறு நம்முடையதே. கடையில் 20 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது. பாலிசியோ பழைய கணக்குப்படி 10 லட்சத்துக்கு. பாதி மதிப்புக்குப் பாலிசி எடுத்தால், நஷ்டத்திலும் பாதிதான் கிடைக்கும். இதை அவர்கள் 'ஆவரேஜ்' என்கிறார்கள். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடித்து இரண்டு லட்சம் இழந்தோம்.

நம் சங்கத்துத் தம்பி ஒருவர், "வருஷம் தவறாமல் எல்.ஐ.சி. கட்டுகிறேனே அண்ணாச்சி, அதில் கடைக்கும் சேர்ந்துவிடாதா?" என்று கேட்டார். சேராது. அது நம் உயிருக்கு, குடும்பத்துக்கு. கடைக்கும் சரக்குக்கும் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியில் தனியாக எடுக்க வேண்டும். யுனைடெட் இந்தியா என்ற பெயர்கூட, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் பெயராக வழங்கி வருகிறது.

ஆகவே வருஷக் கணக்கு முடிக்கும்போது நான்கு காரியங்களையும் சேர்த்து முடித்துவிடுவோம். இன்றைய சரக்கு இருப்பு மதிப்புக்குப் பாலிசித் தொகையை உயர்த்துவோம். வீடாக இருந்த இடம் கிட்டங்கியானால் அதைக் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்வோம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரிங்கைப் பார்க்கச் சொல்வோம். தீயணைப்பு சிலிண்டரின் தேதியையும் பார்ப்போம்.

அந்தப் பெரிய கட்டடம் எரிந்தபோது தூக்கி நிறுத்த அரசு நிறுவனம் இருந்தது. நம் கடைக்கு நாம்தான் இருக்கிறோம்.