உஷார்! ஒரே பெயர், வேறு வேறு ஆள்

பள்ளி ஆண்டு மலர் தயாரிப்பவர்களே, நினைவு விழாவுக்குப் பதாகை அடிப்பவர்களே, மறுநாள் காலை பிள்ளை கொண்டுபோக வேண்டிய செயல்திட்டத்துக்கு இரவில் கைப்பேசியில் படம் தேடும் பெற்றோரே, கொஞ்சம் நில்லுங்கள். பெயரைத் தட்டியதும் முதலில் வரும் முகம் நீங்கள் தேடுகிற ஆளுடையதுதானா?

நம்மிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. முருகன், சிவன், நாயன்மார் பெயர்களையே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வைத்து வருகிறோம். தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கும் வேலி. அவசரத்தில் அந்த வேலியையும் பிடுங்கிவிட்டுத்தான் இன்று புலனக் குழுக்களில் எழுதுகிறோம்.

‘சம்பந்தன்’ என்று தமிழில் தேடிப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர் வருவார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி நாடகத்துக்கு மரியாதை தேடித் தந்த பம்மல் சம்பந்த முதலியாரும் வருவார். இவர்களை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். குழப்பம் அடுத்த இருவரிடம்தான். ஒருவர் திருகோணமலை இரா. சம்பந்தன். இலங்கை நாடாளுமன்றத்தில் 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார், 2024 ஜூன் 30 அன்று மறைந்தார். இன்னொருவர் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். இருவரும் அரசியல்வாதிகள், இருவரும் தத்தம் நாட்டில் சிறுபான்மையாக வாழும் தமிழர்களுக்குத் தலைமை தாங்கியவர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஓர் எழுத்தாவது வேறுபடும். தமிழில் அதுவும் இல்லை. ஆகவே தமிழில் எழுதும் நமக்குத்தான் பொறுப்பு அதிகம்.

மாறிப்போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் யாருடையது என்பது கெட்டுவிடும். நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்னும் வயிற்றெரிச்சலோடு சொல்வது இதைத்தான். பால் மரம் சீவியவனுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அப்போது தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டவர் துன் சம்பந்தன். சங்கம் 1960இல் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. கூலிக்காரன் தன் காசில் தோட்டத்துக்குப் பங்காளியான கதை அது. அதன் மேல் வேறொருவர் படத்தை ஒட்டினால் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்த நம் பாட்டன் பாட்டிகளையும் சேர்த்து மறைக்கிறோம்.

இப்போது ஈப்போவுக்கு வாருங்கள். டி. ஆர். சீனிவாசகம் பூங்காவில் பிள்ளைகளை விளையாட விடாத ஈப்போக்காரர் அரிது. ஆனால் அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிப் பேசும்போது அண்ணனையும் தம்பியையும் ஒரே ஆளாக்கிவிடுகிறோம். அண்ணன் எஸ். பி. சீனிவாசகம், ஸ்ரீ பத்மராஜா. தம்பி டி. ஆர். சீனிவாசகம், தர்மராஜா. இங்கே முன்னால் நிற்கும் எழுத்துகள்தாம் அவரவர் சொந்தப் பெயர், பின்னால் வருவது இருவருக்கும் பொது. முன்னெழுத்தை விட்டால் ஆளே இல்லாமல் போகிறார். இருவரும் வழக்கறிஞர்கள். 1953இல் தோன்றிய பிபிபி கட்சியை இருவரும் வளர்த்தார்கள். ஒருவர் ஈப்போவுக்கும் மற்றவர் மெங்லெம்புவுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர். குழம்ப இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் இரண்டு வாழ்க்கையும் ஒன்றல்ல. கல்வியமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது ஊழல் குற்றம் சாட்டி, அதை நாடாளுமன்றத்துக்கு வெளியேயும் துணிந்து சொன்னவர் டி. ஆர். அமைச்சர் வழக்குப் போட்டார், தோற்றார், பதவி விலகினார். டி. ஆர். கூட்டணி அரசை எதிர்த்தபடியே 1969 மார்ச்சில் மாரடைப்பால் இறந்தார். இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் பிபிபி பேராக்கின் 40 சட்டமன்ற இடங்களில் 12ஐப் பிடித்தது. அப்போது தலைமை எஸ். பி.யிடம். 1972இல் கூட்டணியோடு கைகோத்ததும், பிறகு கட்சியைத் தேசிய முன்னணிக்குள் கொண்டுபோனதும், 1974 தேர்தலில் தோற்றதும் அவர்தான். 1975இல் அவரும் மறைந்தார். ‘சீனிவாசகம்’ என்று மட்டும் எழுதினால், இறந்து மூன்று ஆண்டு கழித்து டி. ஆர். எதிரணியோடு சேர்ந்துவிட்டார் என்று படிப்பவர் நினைப்பார். எஸ். பி. எடுத்த கடினமான முடிவு சரியா தவறா என்று விவாதிக்கும் வாய்ப்பும் போய்விடும். இருவருக்குமே அநியாயம்.

அவசரமாகப் பகிரும் கைகளுக்கு இன்னோர் எச்சரிக்கை. ‘டி. ஜெயக்குமார் கைது’ என்று ஒரு வரி வந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். சுங்கை சிப்புட்டில் 2008இல், 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த சாமிவேலுவைத் தோற்கடித்தவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். ஈப்போ மருத்துவமனையில் பணிபுரிந்த நெஞ்சுநோய் மருத்துவர், சோசலிசக் கட்சிக்காரர். 2011 ஜூனில் கைதாகி, ஜூலையில் அவசரகாலச் சட்டத்தின்கீழ் பிடித்து வைக்கப்பட்டு, அந்த மாத இறுதியில் வெளியே வந்தார். சென்னையில் அதிமுகவின் முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார் 2022 பிப்ரவரியில் கைதாகிப் பிணையில் வந்தார். நாடு வேறு, ஆண்டு வேறு, காரணம் வேறு. ஆனால் தேதி இல்லாத ஒரு துண்டுச் செய்தியில் இரண்டும் ஒரே வரிதான். தவறான ஆள்மேல் கைதுச் செய்தி ஒட்டிக்கொண்டால் திருத்தம் போட்டாலும் முழுதாகக் கழுவ முடியாது.

முதலெழுத்துப் போட்டுவிட்டோமே, போதாதா என்பீர்கள். போதாது. ம.இ.கா.வில் துணைத் தலைவராக இருந்த எஸ். சுப்பிரமணியத்தின் தகப்பனார் பெயர் சின்னையா. அதே கட்சிக்குப் பிறகு தலைவரான, தோல்நோய் மருத்துவரும் முன்னாள் சுகாதார அமைச்சருமான டாக்டர் எஸ். சுப்பிரமணியத்தின் தகப்பனார் சதாசிவம். முதலெழுத்து ஒன்று, கட்சி ஒன்று. போதாததற்கு இருவரும் ஜொகூரின் சிகாமட் தொகுதியில் வென்றவர்கள். மருத்துவர் 2004இல், மற்றவர் அவருக்கு முன்னால். மூத்தவர் 2022இல் காலமானார். இங்கே தகப்பன் பெயரை முழுதாக எழுதினால்தான் தப்பிக்க முடியும்.

கேட்டவுடன் பதில் எழுதித் தரும் செயலிகளை நம்பாதீர்கள். மலேசியத் தமிழர்களைப் பற்றி இணையத்தில் இருப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், ஒருவர் பிறந்த ஊரையும் மற்றவர் வகித்த பதவியையும் சேர்த்து, எந்தத் தயக்கமும் இல்லாமல் ஓர் ஆளை உருவாக்கிக் கொடுத்துவிடும். படிக்க அழகாகவும் இருக்கும். பிள்ளை அதை அப்படியே எழுதுவான்.

என்னை அதிகம் கலங்க வைப்பது பெயர்பெற்றவர்கள் அல்ல. அவர்களுக்குச் சாலை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, தேடினால் கிடைப்பார்கள். தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த சாதாரண மனிதர்கள்தாம் கலங்க வைக்கிறார்கள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்த பிறகுதான், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கெல்லாம் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். இன்று அட்டை எண் 12 இலக்கம். நடுவே 08 இருந்தால் பேராக்கில் பிறந்தவர் என்று தெரியும். அதற்கு முன் வாழ்ந்து முடித்த தோட்டத்து மனிதர்களுக்கு எண் ஏது? கிராணி செக்ரோலில் எழுதிய பெயர்தான். ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டி, நான்கு மாரியாயி. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிய பிறகு, எந்த முனியாண்டி யாருடைய தாத்தா என்று தெரிந்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இந்த வாரமே வீட்டிலுள்ள பழைய படங்களை எடுங்கள். தெரிந்த பெரியவரிடம் காட்டிக் கேட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எழுதுங்கள்: பெயர், தகப்பன் பெயர் முழுதாக, தோட்டம், டிவிஷன், பிறந்த ஆண்டு. மலர் அச்சுக்குப் போகும் முன், பதாகை அடிக்கும் முன், தலைவர்களுக்கும் இதே ஐந்தையும் சரிபாருங்கள். தோட்டத்துக்குப் பதிலாக ஊர், டிவிஷனுக்குப் பதிலாகத் தொகுதியோ தொழிலோ. ஒன்று ஒத்துவராவிட்டாலும் படத்தை எடுத்துவிடுங்கள்.