தெளிவும் ஒளிர்வும்

நுழையும்முன்

சாலையில் செல்லும் ஊர்தியின் எரிபொருளில் நீர் கலந்துவிட்டால் ஊர்தி இருமி நிற்கும். ஓட்டுநர் இறங்கிப் பார்ப்பார். தரையிலிருந்து 11,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் வானூர்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே, அதன் எரிபொருள் ஆலையிலிருந்து புறப்பட்டு இறக்கையை அடையும்வரை கைமாறும் இடந்தோறும் ஐயத்தோடு சோதிக்கப்படுகிறது. அச்சோதனைகளையும், அவை பிழைத்துப்போன சில நிகழ்வுகளையும் இப்பாடம் விளக்குகிறது.

திருகாணியும் ஒரு கையளவு நீரும்

அரியலூர் மாவட்டத்தின் ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் பெயர்பெற்ற ஊர். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடல் மூடியிருந்த நிலப்பகுதி அது. அக்கடல் விட்டுச்சென்ற கல்லைத்தான் இன்று சரக்குந்துகள் சுமந்து செல்கின்றன. பட்டறிவு மிக்க சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் காலையில் வண்டியை எடுக்குமுன் செய்யும் சிறு வேலை ஒன்றுண்டு. டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகாணியைத் தளர்த்தி, அங்குத் தேங்கியிருப்பதைச் சிறிது வெளியேற்றுவார். முதலில் சொட்டுவது பெரும்பாலும் நீராகவே இருக்கும். டீசல் வரத் தொடங்கியதும் திருகாணியை இறுக்கிவிடுவார்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? யாரும் ஊற்றவில்லை. பகல் வெப்பத்தில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் எரிபொருள் தொட்டி மூச்சு விடுகிறது. அது உள்ளிழுக்கும் காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் படிந்து துளியாகிறது. நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. எனவே அடியில் போய்த் தங்குகிறது. வானூர்தி எரிபொருளைக் காப்பதன் அரிச்சுவடி இந்தத் திருகாணியில் இருக்கிறது. வேறுபாடு அளவில்தான். சரக்குந்து பொறுத்துக்கொள்ளும் நீரின் அளவை வானூர்தி பொறுப்பதில்லை.

பெரிய வானூர்திகள் பயன்படுத்தும் ‘ஜெட் ஏ-1’ என்னும் எரிபொருள், மிக நன்றாகத் தூய்மைப்படுத்தப்பட்ட மண்ணெண்ணெய் வகையைச் சார்ந்தது. 38 பாகை செல்சியசுக்குக் கீழ் அது தீப்பற்றும் ஆவியைத் தரக்கூடாது. அதன் உறைநிலை சுழியத்திற்குக் கீழ் 47 பாகையோ அதனினும் தாழ்ந்தோ இருக்க வேண்டும். இத்தகைய பண்புகளை இந்தியாவில் ஐஎஸ் 1571 என்னும் தரவரையறை வகுத்துள்ளது. எரிபொருள் உறையாது என்பது சரி. அதனுள் ஒளிந்திருக்கும் நீர் உறையுமே! அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஐந்து லிட்டர்

வெப்பமான எரிபொருள் சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். குளிரக் குளிர அந்நீர் பிரிந்து நுண்துளிகளாகும்; பின் பனித்துகள்களாகும். பயண உயரத்தில் புறக்காற்று சுழியத்திற்குக் கீழ் 50 பாகைக்கும் தாழ்ந்திருப்பது இயல்பு.

2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து இலண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 வானூர்தி, ஹீத்ரோ ஓடுபாதையை நெருங்கியபோது இரு பொறிகளும் விசை கூட்ட மறுத்தன. ஓடுபாதைக்குச் சற்று முன்பே புல்வெளியில் அது தரைதட்டியது. அதிலிருந்த 152 பேரும் உயிர் பிழைத்தனர். ஆய்வாளர்கள் கண்டறிந்த காரணம் வியப்புக்குரியது. எரிபொருள் தரவரையறைக்கு உட்பட்டே இருந்தது. ஏறத்தாழ 79 டன் எரிபொருளில் இருந்திருக்கக்கூடிய நீர் மொத்தம் ஐந்து லிட்டர் அளவே. அது நெடும்பயணத்தில் குழாய்ச்சுவர்களில் பனியாகப் படிந்து, இறங்கும் வேளையில் ஒருங்கே பெயர்ந்து, எரிபொருளை வெப்பமூட்டும் கருவியின் வாயிலை அடைத்துக்கொண்டது. பின்னர் அக்கருவியின் வடிவமைப்பே மாற்றப்பட்டது.

நீர் பனியாவதோடு நின்றுவிடுவதும் இல்லை. தொட்டியடியில் நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் சிலவகைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் குடியேறுகின்றன. எண்ணெய் அவற்றுக்கு உணவு, நீர் வாழிடம். வழுவழுப்பான படலமாக வளர்ந்து வடிகட்டிகளை அடைப்பதோடு, அவை சுரக்கும் அமிலங்கள் உலோகத்தையும் அரிக்கின்றன. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க நம் கடற்கரை நகரங்கள் இவற்றுக்கு ஏற்ற இடங்கள். நீரை வடித்துவிட்டால் அவற்றுக்கு வாழிடம் இல்லை.

கைமாறும் இடந்தோறும்

சென்னை மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையிலிருந்து மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்திற்கு எரிபொருள் கொண்டுசெல்லக் குழாய்வழி உண்டு. இவ்வசதி இல்லாத ஊர்களுக்குத் தாங்கி ஊர்திகள் செல்கின்றன. எவ்வழியே வந்தாலும், ஆலை அளித்த தரச்சான்றும் தொகுதி எண்ணும் உடன்வர வேண்டும். சான்று வந்துவிட்டதே என்று எரிபொருளைத் தொட்டியில் இறக்கிவிடுவதில்லை. சான்று, ஆலையில் அது எப்படி இருந்தது என்பதையே சொல்லும். வழியில் நேர்ந்ததைச் சொல்லாது.

வந்த எரிபொருளின் அடர்த்தி மிதவை அடர்த்திமானியால் அளக்கப்பட்டு, 15 பாகை வெப்பநிலைக்குரிய மதிப்பாக மாற்றப்பட்டு, சான்றிலுள்ள எண்ணோடு ஒப்பிடப்படுகிறது. கனமீட்டருக்கு 3 கிலோகிராமுக்கு மேல் வேறுபாடு இருந்தால் இறக்குதல் நிறுத்தப்படும். முன்பு பெட்ரோலோ டீசலோ ஏற்றிய தாங்கியில் மிச்சம் இருந்திருந்தால், பெரும்பாலும் இவ்வெண் காட்டிக்கொடுத்துவிடும். சேமிப்புத் தொட்டியின் உட்புறம் எபாக்சிப் பூச்சால் காக்கப்படுகிறது. அடித்தளம் ஒரு தாழ்புள்ளியை நோக்கிச் சரிந்திருக்கும்; நீரும் தூசும் அங்கே சேரும். எரிபொருளை எடுக்கும் குழாயோ மேற்பரப்பில் மிதக்கும். புதிய எரிபொருள் வந்தபின் குறித்த காலம் அசையாமல் தெளியவிட்ட பின்னரே அதனைத் தொடுவர். நம் வீட்டுப் பாட்டிமார் கலங்கிய நீரைப் பானையில் தெளியவைத்து மேலாக முகந்த அதே முறைதான்.

பின்னர் நாள்தோறும் அடிவடிகாலிலிருந்து மாதிரி எடுக்கப்படும். தூய கண்ணாடி முகவையில் எரிபொருளைப் பிடித்து, சுழற்றி, வெளிச்சத்தில் பார்ப்பர். சுழியின் நடுவே தூசு திரண்டால் அழுக்கு. மங்கலான புகைபோல் தோன்றினால் கரையாத நீர். எவ்விதக் குறையும் இல்லையெனில் ‘தெளிவாகவும் ஒளிர்வாகவும் உள்ளது’ என்று பதிவேட்டில் எழுதுவர். உலகெங்கும் இத்துறையினர் பயன்படுத்தும் தொடர் இது.

எளிய சோதனைதான். ஆனால், இதில் ஒரு பொறி உண்டு. முகவை முழுவதும் நீராகவே இருந்தால்? அதுவும் தெளிவாகத்தான் இருக்கும், ஒளிரவும் செய்யும். தொட்டியடியில் நீர் மிகுதியாகத் தேங்கியிருக்கும் நாளில்தான் இந்த ஏமாற்றம் நேரும். எனவே கண்ணை மட்டும் நம்பாமல் வேதிச்சோதனையும் செய்யப்படுகிறது. மஞ்சள் நிறத் தாள் பொருத்திய சிறு குப்பி ஒன்றை ஊசிக்குழலின் முனையில் செருகி, 5 மில்லிலிட்டர் எரிபொருளை உறிஞ்சுவர். கரையாத நீர் இருந்தால் மஞ்சள் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ மாறும். ஏற்கத்தக்க எல்லை பத்து இலட்சத்தில் 30 பங்கு. அதாவது ஆயிரம் லிட்டரில் இரண்டு மேசைக்கரண்டி நீர். கண்ணுக்குப் புலப்படாத அந்த அளவை ஒரு தாள் துண்டு காட்டிவிடுகிறது.

எரிபொருள் குழாயில் விரைந்து பாயும்போது நிலைமின்னூட்டம் தோன்றும். ஆகவே குழாயைப் பொருத்துமுன் ஊர்தியையும் வானூர்தியையும் கம்பிவடத்தால் இணைத்து, இரண்டையும் ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது கட்டாயம். குழாயைக் கழற்றிய பிறகே வடத்தை எடுக்க வேண்டும்; வரிசை மாறினால் பொறி பறக்கும்.

காவலே கலப்படமான கதை

2010 ஏப்ரல் 13. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங் நோக்கிக் கேத்தே பசிபிக் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 வானூர்தி 322 பேருடன் புறப்பட்டது. சுரபாயா நிலையத்தில் நிலத்தடி எரிபொருள் குழாய்வலையை விரிவாக்கும் பணி அதற்குச் சற்று முன்னர் நடந்திருந்தது. அப்பணியின்போது உப்புநீர் குழாய்க்குள் புகுந்துவிட்டது. மீண்டும் பயன்பாட்டிற்குக் கொண்டுவருமுன் குழாய்களைக் கழுவித் தூய்மைப்படுத்தும் பணி முழுமையாக நடைபெறவில்லை.

எரிபொருள் நிரப்பும் வண்டியில் ஒருவகை வடிகட்டிகள் இருந்தன. நீரை உறிஞ்சி வீங்கும் பலபடிச் சேர்மம் அவற்றுள் நிரப்பப்பட்டிருந்தது. குழந்தைகளின் அணையாடையில் உள்ள பொருளின் இனத்தைச் சேர்ந்தது அது. நீர் வந்தால் அது வீங்கி ஓட்டத்தையே அடைத்துவிட வேண்டும். அதுவே அவ்வடிகட்டியின் கடமை. உப்புநீரோ அந்தக் கணக்கைக் குலைத்தது. வடிகட்டியிலிருந்து அச்சேர்மம் மயிரிழையினும் நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து, எரிபொருளோடு இறக்கைக்குள் சென்றது. நிரப்பும்போது குழாய் அதிர்ந்தது. பணி இடையிடையே நிறுத்தப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. எடுத்த மாதிரி தெளிவாக இருந்தது. நீர்ச்சோதனையும் குறை காட்டவில்லை. முகவை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படாத கேள்விக்கு அது விடை சொல்லவில்லை, அவ்வளவே. குழாயின் அதிர்வு ஒன்றே அன்று பேசிய சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்நுண்ணுருண்டைகள் பொறிகளுக்குச் செல்லும் எரிபொருளை அளந்துவிடும் கருவியில் படிந்து அதனை இறுகச் செய்தன. ஹாங்காங்கை நெருங்கும்போது ஒரு பொறி மிகக் குறைந்த விசையிலும், மற்றொன்று ஏறத்தாழ 74 விழுக்காட்டு வேகத்திலும் சிக்கிக்கொண்டன. விசையைக் குறைக்கவும் முடியவில்லை, கூட்டவும் முடியவில்லை. மணிக்கு ஏறத்தாழ 426 கிலோமீட்டர் வேகத்தில், இயல்பைவிட மிக விரைவாக, விமானி மால்கம் வாட்டர்சும் துணைவிமானி டேவிட் ஹேகோவும் அதனைத் தரையிறக்கினர். ஓடுபாதையின் முடிவுக்குச் சில நூறு மீட்டர் முன்னர் அது நின்றது. சக்கரத் தடைகள் கனன்று சிவந்தன. அவசர வழிகளில் இறங்குகையில் 57 பயணியர் காயமுற்றனர், எவரும் உயிரிழக்கவில்லை. பின்னாளில் அவ்வகை வடிகட்டிகளைப் பயன்பாட்டிலிருந்தே விலக்க இத்துறை முடிவுசெய்தது.

ஒரே நிறம், வேறு நீர்மம்

சிறிய பயிற்சி வானூர்திகள் பலவற்றில் பெட்ரோல் வகை எரிபொருளில் இயங்கும் பொறிகள் உள்ளன. அவற்றுக்குரிய எரிபொருளுக்கு நீலச்சாயம் ஊட்டுவர். ஜெட் எரிபொருள் நிறமற்றது அல்லது வைக்கோல் நிறமுடையது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை ஊற்றிவிடாதிருக்க நிறமும், குழாய்முனையின் வடிவமும், கறுப்பு, சிவப்பு அடையாளப் பட்டைகளும் காவலாக நிற்கின்றன.

இக்காவல் எதுவும் இல்லாத ஓரிடத்தில் பிழை நேர்ந்தது. மீண்டும் நம் சரக்குந்துக்கு வருவோம். இன்றைய பாரத் நிலை-6 சரக்குந்துகளில் டீசல் தொட்டியின் அருகே மற்றொரு சிறு தொட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகையின் நச்சைக் குறைப்பதற்கான யூரியாக் கரைசல் அதில் நிரப்பப்படுகிறது, யூரியா 32.5 விழுக்காடு, மீதி தூய நீர். அமெரிக்க வானூர்தி நிலையங்களில் எரிபொருள் வண்டிகளுக்கும் இக்கரைசல் தேவைப்பட்டது. சிறிய ஜெட் வானூர்திகளின் எரிபொருளில் பனி உறையாதிருக்கச் சேர்க்கும் நீர்மமும் அங்கே கிடங்கில் இருந்தது. இரண்டும் நிறமற்றவை.

2019 மே மாதத்தில் புளோரிடாவின் புந்தா கோர்தா நிலையத்தில் பனித்தடுப்பு நீர்மத்திற்கு மாற்றாக யூரியாக் கரைசல் எரிபொருளில் கலக்கப்பட்டது. அங்கு எரிபொருள் நிரப்பிய இரு சிறிய ஜெட் வானூர்திகளின் வடிகட்டிகளைப் படிகங்கள் அடைத்தன. ஒன்றில் ஒரு பொறி நின்றது. மற்றொன்றில் இரண்டுமே நின்றன. அது மிதந்தவாறே இறங்கி சவன்னா நகர ஓடுபாதையை அடைந்தது. இதே பிழை அதற்கு முன்பும் வேறு நிலையங்களில் நேர்ந்திருந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. ரெட்டிபாளையத்து ஓட்டுநரின் கையில் பயனுள்ள ஒரு நீர்மம், அடையாளச் சீட்டு படிக்கப்படாத ஓர் அறையில் இவ்வாறு மூன்று பொறிகளை நிறுத்தியது.

எடுத்துவைத்த மாதிரிகள்

வானூர்தி பறந்து சென்றபின்னும் எரிபொருள் ஊழியரின் பொறுப்பு முடிவதில்லை. எத்தொகுதி, எத்தொட்டி, எவ்வண்டி, எவ்வானூர்தி, சோதித்தவர் யார் என்பன பதிவேட்டில் ஏறுகின்றன. விபத்து நேர்ந்தால் உடனே அந்த வண்டியும் தொட்டியும் பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்டு, மாதிரிகள் முத்திரையிடப்படுகின்றன.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 வானூர்தி புறப்பட்ட சில நொடிகளில் வீழ்ந்து 260 உயிர்கள் பறிபோயின. இரு பொறிகளும் விசையிழந்ததால், எரிபொருளில் கலப்படமோ என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. அந்த வானூர்திக்கு எரிபொருள் நிரப்பிய வண்டிகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் எடுக்கப்பட்ட மாதிரிகள் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. அவை நிறைவளிக்கும் தரத்தில் இருந்தன என்று அடுத்த மாதம் வெளிவந்த முதற்கட்ட அறிக்கை தெரிவித்தது. வானூர்தியின் உடைந்த பகுதிகளிலிருந்து மீட்கப்பட்ட எரிபொருளோ மிகச் சிறிதளவே.