துவரையின் வாடல் நோயும் மண்ணுக்கிடும் எருவும்

துவரம் பருப்பு இல்லாத சமையலறை தமிழகத்தில் அரிது. அப்பருப்பைத் தரும் செடியைப் பூத்துக் காய்க்கும் பருவத்தில் சாய்த்துவிடும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதுவே வாடல் நோய். மண்ணில் ஈரம் இருக்கும். ஆயினும் செடி நீரின்றித் தவிப்பதுபோல் வாடும். வானம் பார்த்த பூமியில் மாதக்கணக்கில் காத்திருந்த உழவருக்கு, விளைச்சல் கைக்கெட்டும் வேளையில் நேரும் இழப்பு இது.

இந்நோய்க்குக் காரணம் 'பியூசேரியம் யூடம்' என்னும் பூசணம். பீகாரிலுள்ள பூசாவில் பணியாற்றிய பட்லர் என்னும் ஆய்வாளர் 1910-இல் இதனை விளக்கி எழுதினார். இப்பூசணம் வேர் வழியே நுழைந்து, நீரைக் கடத்தும் சைலக் குழாய்களில் பரவி அவற்றை அடைத்துவிடுகிறது. நோயுற்ற தண்டின் அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி ஊதா கலந்த பழுப்புப் பட்டை தோன்றும். தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கருங்கோடுகள் தெரியும்.

அறுவடைக்குப் பின் வயலில் தங்கிய வேர், தண்டுக் கட்டைகளில் இது ஏறத்தாழ 3 ஆண்டுகள் உயிர்வாழும். பரந்த மானாவாரி நிலம் முழுவதையும் மருந்தால் நனைப்பது எளிதன்று, செலவும் தாங்காது. இங்கேதான் எருவின் அருமை விளங்குகிறது.

எரு பூசணத்தை நேரடியாகக் கொல்கிறது என்று பலரும் எண்ணலாம். உண்மை வேறு. எருவை உண்டு பாக்டீரியாக்களும், ஆக்டினோமைசீட்டுகளும், டிரைக்கோடெர்மா போன்ற நற்பூசணங்களும் பெருகுகின்றன. இவை உணவுக்காகப் பியூசேரியத்துடன் போட்டியிடுகின்றன. நச்சுப் பொருள்களைச் சுரக்கின்றன. டிரைக்கோடெர்மாவோ பகைப் பூசணத்தின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, நொதிகளால் அவற்றின் சுவரையே கரைக்கிறது. வேப்பம் பிண்ணாக்கு போன்ற நைட்ரஜன் மிகுந்த பொருள்கள் மட்கும்போது வெளிப்படும் அம்மோனியாவும் பூசண வித்துகளைத் தாக்கும். இன்னொரு விந்தையும் உண்டு. எருவின் தூண்டுதலால் உறங்கும் வித்துகள் முளைக்கின்றன. பற்றிக்கொள்ளத் துவரை வேர் இல்லாததால் அவ்விழைகள் சிதைந்து அழிகின்றன. விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே எருவிட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மட்கும் பொருள் எல்லாம் நன்மையே செய்யும் என்று கொள்ளலாகாது. நோயுற்ற துவரைக் கட்டையை உழுது மண்ணில் புதைப்பது எருவிடுவதாகாது. பகைவனுக்கு வீடு கட்டித் தருவதாகும். அதனைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். வைக்கோல் போன்ற கரிமம் மிகுந்த பொருளை மட்கவைக்காமல் இட்டால், நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனைத் தமக்கே எடுத்துக்கொள்ளும். இளம்பயிர் வெளிறி நிற்கும்.

ஆதலால் நன்கு மட்கிய தொழு உரமே சிறந்தது. எக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ தொழு உரத்துடன் கலந்து இடுமாறு வேளாண் அறிஞர்கள் பரிந்துரைக்கின்றனர். எரு ஒன்றே போதும் என்பதன்று. சோளத்துடன் ஊடுபயிராகவோ சுழற்சியாகவோ பயிரிடுவதும், 1986-இல் கர்நாடகத்தில் வெளியிடப்பட்ட 'மாருதி' போன்ற எதிர்ப்புத் திறனுடைய இரகங்களை விதைப்பதும் உடன்சேர வேண்டும்.

மண் வெறும் தூள் அன்று. கோடானுகோடி உயிர்கள் வாழும் உலகம். அவ்வுலகில் நமக்கு நண்பர்களும் உண்டு, பகைவர்களும் உண்டு. நண்பர்களுக்கு நாம் இடும் சோறே எரு.