மனித உரிமைச் சொற்களின் தமிழாக்கம்: கிழமைப் பொருள் நோக்கில் ஒரு விளக்கம்

1. முன்னுரை

பெங்களூரின் தொம்மலூர்ப் பகுதியில் 2019-ஆம் ஆண்டு முதல் பெங்களூர் பன்னாட்டு மையம் தனக்கெனக் கட்டப்பெற்ற கட்டடத்தில் இயங்கி வருகின்றது. மனித உரிமை, அறவியல், இன்னல்களை எதிர்கொள்ளும் மனவுறுதி போன்ற பொருள்களைப் பற்றிய உரையாடல்கள் நடைபெறும் பொது மன்றங்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய உரையாடல்களைத் தமிழில் தர முனைவோர் முதலில் எதிர்கொள்வது சொற்சிக்கலே. ‘உரிமை’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. ஆனால் அதனோடு எவ்வினை சேர்கின்றது என்பதைப் பொறுத்து, உரிமையுடையவன் கேட்டுப் பெறுபவனாகவும் மாறிவிடக் கூடும். இம்மாற்றத்தைத் தமிழ் இலக்கணத்தின் கிழமைப் பொருள் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கொடையின் மொழி

ஒப்பீட்டுக்குரிய பழஞ்சான்று அவ்வூரிலேயே கிடைக்கின்றது. தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் அடங்கிய எபிகிராபியா கர்நாடிகாவின் 9-ஆம் தொகுதி 1905-இல் ரைஸ் அவர்களால் வெளியிடப்பெற்றது. அழகியார் என்பவர் வாயில் நிலைக்கால்கள் இரண்டு அளித்ததையும், தலைக்காட்டு என்பவர் தம் மனைவியுடன் நிலம் வழங்கியதையும் தொம்மலூர்க் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன.

இவ்வகை ஆவணங்களில் கொடுப்போர், கொள்வோர், கொடைப்பொருள் என்னும் மூன்றும் இன்றியமையாதன. தமிழ்க் கொடைக் கல்வெட்டுகள் பொதுவாகக் கதிரும் மதியும் உள்ளவரை அறம் நிலைபெறுக என வேண்டும். அழிப்போரைப் பாவம் சாரும் என எச்சரிக்கும். கொள்வோர்க்கு இங்கு உரிமை உண்டு; ஆயின் அது கொடுப்போர் செயலால் தோன்றியது. கொடுத்தவர் இன்றேல் உரிமையும் இல்லை.

3. தற்கிழமையும் பிறிதின்கிழமையும்

ஆறாம் வேற்றுமையின் பொருளாகிய கிழமையைத் தமிழ் இலக்கண நூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். ‘சாத்தனது கை’ என்பதில் கை சாத்தனின் வேறன்று, இது தற்கிழமை. ‘சாத்தனது வீடு’ என்பதில் வீடு அவனின் வேறாயது, விற்கவும் இழக்கவும் கூடியது, இது பிறிதின்கிழமை. உருபு ஒன்றே, உறவு வேறு.

இப்பகுப்பை உரிமைக் கோட்பாட்டிற்குப் பொருத்திக் காணலாம். 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம், மனிதர் பிறக்கும்போதே உரிமையில் சமமானவர் எனக் கூறுகின்றது. எந்த அரசும் தந்ததாக அது உரிமையைக் கூறவில்லை. ஆகவே கொடை நிலம் பிறிதின்கிழமை எனின், மனித உரிமை தற்கிழமை எனல் பொருந்தும். அரசு அதனை மதிக்கலாம், மீறலாம், படைக்க இயலாது.

4. வினைத்தேர்வும் பொருள்மாற்றமும்

‘உரிமை’ என்னும் பெயர் இவ்விரு கிழமைக்கும் பொதுவாதலின், வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு வினையைச் சார்கின்றது. ‘உண்டு’, ‘உடையர்’, ‘உரியர்’ ஆகியன தற்கிழமையைச் சுட்டும். ‘வழங்கு’, ‘அளி’, ‘பெறு’ ஆகியன கொடுப்போர் ஒருவரை உள்ளடக்கி நிற்கும். பிரகடனத்தின் தமிழாக்கம் ‘உரிமையுடையோர்’ என்னும் வடிவை ஆண்டிருப்பது இந்நோக்கில் பொருத்தமான தேர்வாகும்.

அன்றாட ஆவண நடையில் இக்கவனம் தளர்வதுண்டு. ‘கைதானவர் தம் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அனுமதி வழங்கப்படும்’ என்பதும், ‘கலந்துகொள்ள உரிமை உண்டு’ என்பதும் ஒன்றல்ல. முதலது காவல் அலுவலரைக் கொடையாளராக்குகின்றது. அரசமைப்பின் 22-ஆம் உறுப்பு கூறுவது இரண்டாவதையே. ‘சலுகை’ என்னும் சொல் ‘உரிமை’யின் இடத்தில் வரும்போதும் இதே வழுவே நேர்கின்றது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழில் ‘தகவல் அறியும் உரிமை’ என்றும் ‘தகவல் பெறும் உரிமை’ என்றும் வழங்குகின்றது. முன்னதில் குடிமகன் அறிபவன். பின்னதில் பிறர் தரக் கொள்பவன்.

5. மதிப்பும் மாண்பும்

பிறப்போடு வரும் பெருமையைக் குறிக்கப் பிரகடனத்தின் தமிழாக்கம் ‘மதிப்பு’ என்னும் சொல்லைக் கொள்கின்றது. மதித்தல் செயப்படுபொருள் குன்றாவினை. மதிப்பவர் ஒருவர் வேண்டும். ‘மாண்பு’ என்பதற்கு அடியான ‘மாண்’ செயப்படுபொருள் குன்றிய வினை. பிறர் கருத்தை எதிர்பாராது பொருளின்கண் நிற்பது. ஆகவே ‘மாண்பு’ தற்கிழமைக்கு நெருங்கியது எனலாம். எனினும் அச்சொல்லில் சிறந்தோர்க்கே உரிய சிறப்பு என்னும் சாயலும் உண்டு. ‘மனித மாண்பு’ என அடைகொடுத்து வழங்குவது அக்குறையை ஓரளவு நீக்கும்.

முதல் உறுப்பின் ஆங்கில வரைவில் ஆடவரைக் குறிக்கும் சொல் இருந்தது. அதனை மனிதர் அனைவரையும் தழுவுமாறு மாற்றச் செய்தவர் இந்தியப் பிரதிநிதி அம்சா மேத்தா ஆவார். அவர் நீக்கிய குறையைத் தமிழில் ‘மனிதன்’ என்னும் ஆண்பால் ஒருமை மீண்டும் புகுத்திவிடும். ‘மனிதர்’ எனப் பலர்பாலில் கூறுவதே தக்கது.

6. அழியாமையும் பொறுத்தலும்

இன்னலில் தளராமையைக் குறிக்கத் தமிழில் இன்று ‘மீள்திறன்’ என்னும் ஆக்கச்சொல் பரவி வருகின்றது. வளைந்த பொருள் பழைய நிலைக்கு மீள்வதாகிய உருவகம் இதன் அடிப்படை. திருக்குறளோ ‘இடுக்கண் அழியாமை’ என ஓர் அதிகாரத்திற்குப் பெயரிடுகின்றது. பழைய நிலைக்கு மீளாவிடினும் உள்ளம் அழியாதிருத்தலே இங்குக் கருத்து. இழந்த ஊருக்குத் திரும்ப இயலாத புலம்பெயர்ந்தோர் நிலைக்கு இச்சொல்லே பொருந்தும்.

‘பொறையுடைமை’ வேறு அதிகாரம். பிறர் செய்த தீங்கைப் பொறுத்தல் அதன் பொருள். இன்னலில் தளராமையைப் ‘பொறுமை’ என மொழிபெயர்ப்பின், உரிமை மீறல் பொறுக்கத்தக்கதாகிவிடும். கேள்வி கேட்க வேண்டியவர் சான்றோர் எனப் பாராட்டப்பெற்று அமைதியாக்கப்படுவார். அறவியல் நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

7. மொழிபெயர்ப்பே உரிமையாதல்

சொற்றேர்வு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு 1962-ஆம் ஆண்டின் அரிகிசன் எதிர் மகாராட்டிர அரசு வழக்குச் சான்றாகும். தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. தமக்கு ஆங்கிலம் தெரியாது எனக் கூறி அவர் இந்தியில் கேட்டார்; ஆங்கிலமே ஆட்சிமொழி என அது மறுக்கப்பட்டது. காவல் அலுவலர் வாய்மொழியாக விளக்கியது போதாது எனக் கொண்டு, உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. தம் தரப்பைக் கூறும் உரிமை உடையவர்க்கு, அக்காரணங்கள் அவர் அறிந்த மொழியில் கிடைத்தல் வேண்டும் என்பது இத்தீர்ப்பின் சாரம். மொழிபெயர்ப்பு இங்கு உரிமைக்கு வெளியே நிற்கும் உதவியன்று, அவ்வுரிமையின் உறுப்பே.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பிறப்புரிமையைக் கூறுமிடத்து ‘உண்டு’, ‘உடையர்’ என்பனவும், சட்டம் புதிதாகத் தரும் உதவியைக் கூறுமிடத்து ‘வழங்கு’, ‘அளி’ என்பனவும் ஆளப்பெறல் வேண்டும். இரண்டாவது, அழியாமையும் பொறுத்தலும் ஒருபொருட் சொற்களாகக் கொள்ளப்படலாகாது. மூன்றாவது, கலைச்சொற் பட்டியல்கள் பெயர்ச்சொல்லோடு அமையாது, அப்பெயர் கொள்ளும் வினைகளையும் தருதல் நலம். தொம்மலூர்க் கல்லில் கொடுத்தவர் பெயர் பொறிக்கப்பெற்றமை முறையே. கொடை என்பது கொடுப்போரை உடையது. மனித உரிமையைத் தமிழில் எழுதுவோர் அங்குக் கொடுப்போர் ஒருவரை எழுதிச் சேர்த்தல் ஆகாது.