ஜகன்மோகினி மாத இதழ்
திருவல்லிக்கேணி, சென்னை
ஆசிரியர்: வை. மு. கோதைநாயகி (1901–1960)

பள்ளிக்கூடம் போகாத பெண் நடத்திய பத்திரிகை இது. ஐந்து வயதிலேயே மணமான கோதைநாயகிக்குத் தொடக்கத்தில் தமிழ் எழுத வராது. தம் முதல் நாடகம் ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் தாளில் எழுதினார். பிறகு அந்தத் தோழியிடமே எழுதவும் கற்றார்.

நலிந்துகிடந்த ஜகன்மோகினியை 1925இல் ஏற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். நாவலைப் பெண் படிப்பதையே பலர் குறைசொன்ன காலத்தில், ஒரு பெண் நாவல் எழுதி மாதந்தோறும் அச்சேற்றியது பெருந்துணிவு. அவர் எழுதிய 115 நாவல்களில் பல இவ்விதழில் தொடராக வந்தவை. கதர், மதுவிலக்கு, கைம்பெண் மறுமணம் எல்லாம் கதைக்குள் வந்தன.

விடுதலைப் போராட்டத்தில் கள்ளுக்கடை மறியல் செய்து சிறை சென்றார். ‘உத்தம சீலன்’ நாவலை அங்கேயே எழுதினார்.